கிழக்கின் நீரில் குள்ளச் சிக்லிட்: கலப்பு மீன்தொட்டிக்கான முழுமையான வழிகாட்டி

குள்ளச் சிக்லிட் மீன்களைப் பிற மீன்களோடு ஒரே தொட்டியில் வளர்க்க விரும்புகிறவர்கள், அந்தச் சிக்லிட்டைத்தான் கடைசியாக வாங்க வேண்டும். நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. கடைக் கண்ணாடிக்குள் நீலமும் மஞ்சளுமாக மின்னும் ஒரு சோடி ராம் மீனைக் கண்டதும் மனம் அதிலேயே நின்றுவிடுகிறது. மீன் பொலித்தீன் பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே தண்ணீர், தொட்டி, கூட்டு மீன்கள் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். சில வாரங்களில் வயிறு ஒட்டி, நிறம் கறுத்து மீன் இறந்துபோக, இது வளர்க்க முடியாத மீன் என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. முதலில் நீரையும், பிறகு தரையையும், அதன்பின் கூட்டு மீன்களையும் ஒழுங்குபடுத்திவிட்டுக் கொண்டுவந்தால், அதே ராம் மீன் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைவின்றி வாழும். இந்த வழிகாட்டி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிணற்று நீரையும் குழாய் நீரையும், நமது கோடையையும் மாரியையும் கருத்திற்கொண்டு அந்த வரிசைப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

சிக்லிட் குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. 1950களில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், மட்டக்களப்பு வாவியில் இயற்கையாகவே வாழும் பச்சைக் குரோமைட், ஒரேஞ்ச் குரோமைட் ஆகிய மீன்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஏறத்தாழ பத்து சென்றிமீற்றருக்கு மேல் வளராத சிறிய இனங்களையே குள்ளச் சிக்லிட் என்கிறோம். உடல் சிறுத்தாலும் குடும்பக் குணம் சிறுப்பதில்லை. இடம்பிடித்தல், சோடி சேர்தல், முட்டையையும் குஞ்சையும் காத்தல் என்று திலாப்பியா குளத்தின் அடியில் செய்யும் அனைத்தையும் இவை உங்கள் கூடத்துத் தொட்டிக்குள் செய்துகாட்டும்.

முதற்படி: உங்கள் நீரை அறிதல்

கரையோர மணற்பாங்கான நிலத்துக் கிணறுகளின் நீர் பொதுவாக வன்னீராகவும், சற்றுக் காரத்தன்மை கொண்டதாகவும் இருக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதிகளில், கோடை முற்றும்போது சில கிணறுகள் உவர்க்கவும் தொடங்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்தோ அம்பாறைப் பக்கம் கொண்டவட்டுவான் குளத்திலிருந்தோ சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய் நீரின் தன்மை வேறு. அதில் குளோரீன் கலந்திருக்கும். ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்குச் சரிவந்த மீன் உங்களுக்கும் சரிவரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நீரில் கரைந்துள்ள கனியங்களின் அளவைக் காட்டும் மலிவான ஒரு டி.டி.எஸ். மானியும், அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். சோதனைத் துளிகளும் இதற்குப் போதும். கோடையில் ஒருமுறையும் மாரி பெய்து கிணறு நிறைந்த பிறகு ஒருமுறையும் அளந்து குறித்து வையுங்கள். ஒரே கிணறு இரண்டு பருவத்திலும் வெவ்வேறு எண்களைக் காட்டும். நாவில் உவர்ப்புத் தெரிகிற நீரைத் தென்னமெரிக்க மீன்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. குழாய் நீரை ஒரு முழு நாள் திறந்த வாளியில், முடிந்தால் காற்றுக் குமிழி எழுப்பும் காற்றுக் கல் போட்டு வைத்திருங்கள். அவசரமென்றால் குளோரீன் நீக்கும் துளியைப் பயன்படுத்துங்கள். கிணற்று நீரில் குளோரீன் இல்லை என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வெள்ளம் வடிந்த பின் கிணறுகளுக்குக் குளோரீன் இடுவது நமது பகுதியில் வழமை. அந்த நாட்களில் நேரடியாக நீர் மாற்றினால் தொட்டி முழுவதும் பாதிக்கப்படும்.

வன்னீரை மென்மையாக்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த பொருள் மழைநீர். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, முதல் சில மழைகள் கூரையைக் கழுவிச் சென்ற பிறகு, ஓட்டுக் கூரையிலிருந்து விழும் நீரைப் பிடித்துக்கொள்ளலாம். புதிய நாகத் தகரக் கூரையின் நீர் வேண்டாம். மழைநீரை மட்டுமே தொட்டியில் நிரப்புவதும் தவறு. அதில் அமிலத்தைத் தாங்கும் கனியம் இல்லாததால் பி.எச். திடீரெனச் சரிந்துவிடும். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் என்ற கலவையில் தொடங்கி, மானியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மழைநீர்ப் பீப்பாய்க்கு நெருக்கமான வலை கட்டாயம் வேண்டும். நுளம்பு பெருக இடமளிப்பதை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மாரி முடிந்ததும் டெங்குக் காய்ச்சல் பரவும் மாவட்டத்தில், சட்டம் இல்லாவிட்டாலும் அது நமது கடமை.

இரண்டாம் படி: நீருக்கேற்ற இனம்

ஜேர்மன் புளூ ராம் என்று கடைகளில் விற்கப்படும் மீனின் தாயகம், வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோக்கோ ஆறு பாயும் புல்வெளிகள். அது வெப்பமான, மென்மையான, சற்று அமிலமான நீரின் மீன். 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அது விரும்புவதால், நமது காலநிலை அதற்கு வரமே. ஆனால் டி.டி.எஸ். 200இற்கு மேலே போனால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அதன் உறவினமான பொலிவியன் ராம் நிறத்தில் அடக்கமானது, உடலில் சற்றுப் பெரியது, குணத்தில் நிதானமானது, நீர்த் தன்மையில் கூடுதல் விட்டுக்கொடுப்பு உடையது. முதன்முறையாகக் கலப்புத் தொட்டி அமைக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான குள்ளச் சிக்லிட் இல்லை என்பது எனது உறுதியான எண்ணம். ஒரே குறை, 30 பாகைக்கு மேலே நாட்கணக்கில் நீடிக்கும் வெப்பத்தை அது விரும்பாது.

அபிஸ்டோகிரமா பேரினத்தில் கொண்டை நீண்ட கக்கட்டுவாய்டஸ் இனமே எளிதில் வளர்வது. ஓரளவு வன்மையுள்ள நீரையும் அது பொறுத்துக்கொள்ளும். அகாசிசி இனத்துக்கு மென்னீர் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரியா, கமரூன் பகுதி ஆறுகளிலிருந்து வந்த கிரிபென்சிஸ், கரையோரக் கிணற்று நீருக்கு மிகவும் இசைவானது. பெண்மீனின் வயிறு செர்ரிப் பழ நிறத்தில் சிவக்கும்போது அதன் அழகுக்கு ராம் மீனும் ஈடாகாது. ஆயினும் இனப்பெருக்கப் பருவத்தில் இவை எல்லாவற்றிலும் கடும் சண்டைக்காரர் அதுவே.

வாவியிலிருந்து சிறு ஒரேஞ்ச் குரோமைட்டைப் பிடித்து வந்து டெற்றா என்னும் சிறு தென்னமெரிக்க மீன்களோடு விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது அழகான மீன்தான். ஆனால் அதற்கு உவர் கலந்த வன்னீர் வேண்டும். அதற்கெனத் தனித் தொட்டி அமைப்பதே முறை. அவ்வாறே தங்கனிக்கா ஏரியின் சிப்பிவாழ் சிக்லிட்டுகளும் உருவில் குள்ளமாயினும் வன்னீருக்குரியவை. தென்னமெரிக்க மீன்களோடு அவற்றைச் சேர்க்க இயலாது.

மூன்றாம் படி: தரையை அமைத்தல்

குள்ளச் சிக்லிட்டின் உலகம் தொட்டியின் கீழ் மூன்றிலொரு பகுதிதான். உயரமான தொட்டியில் எத்தனை லீற்றர் நீர் இருந்தாலும் அடிப்பரப்பு சிறிதென்றால் சண்டை ஓயாது. இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும்; அதில் ஒரு சோடிக்கு மேல் வைக்கக் கூடாது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் 190 லீற்றர் அளவு நீர் பிடிக்கும். கலப்புத் தொட்டி என்று நிறைவாகச் சொல்லத் தகுந்தது அந்த அளவிலிருந்துதான். வசதி இருந்தால் நான்கடி.

மணல் மென்மையானதாக இருக்க வேண்டும். அபிஸ்டோகிரமா மீன் மூக்கைக் குத்தி ஒரு வாய் மணலை அள்ளி, அதிலிருக்கும் உணவை வடித்துக்கொண்டு, மிகுதி மணலைச் செவுள் வழியே புகைபோல் உதிரவிடுவதை நாள் முழுவதும் பார்க்கலாம். கரடுமுரடான கல் இந்த வழக்கத்தையே தடுத்துவிடுகிறது. கல்லடிக் கடற்கரை எவ்வளவு அருகில் இருந்தாலும் கடல் மணலைக் கொண்டுவராதீர்கள்; அதிலுள்ள சிப்பித் துகள்கள் மெல்லக் கரைந்து நீரின் வன்மையை உயர்த்திக்கொண்டே இருக்கும். ஆற்று மணலையும் சோதித்தே போட வேண்டும். ஒரு பிடி மணலைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, அது நனையுமளவு வினாகிரி ஊற்றிக் காதருகே வையுங்கள். சுண்ணாம்பு இருந்தால் சிறு குமிழிகள் எழுந்து மெல்லிய இரைச்சல் கேட்கும். அந்த மணல் கிரிபென்சிஸுக்குப் பாதகமில்லை. ராம் மீனுக்கு ஆகாது. முருகைக் கல்லுக்கும் இதே விதிதான்.

அடுத்தது எல்லை பிரித்தல். வயலில் வரம்பு கட்டுவது போல, ஒரு மீன் மற்ற மீனின் இடத்தை நேராகப் பார்க்க முடியாதபடி தரையைத் தடுக்க வேண்டும். பட்டை உரித்து நன்றாகக் காயவைத்து, மூழ்கும்வரை ஊறவைத்த கொய்யாக் கிளைகள் இதற்கு ஏற்றவை. கண்டல் வேர்களை வெட்டிவர வேண்டாம், அவை பாதுகாக்கப்பட்டவை. தேங்காய்ச் சிரட்டையின் தும்பை வழித்து, கொதிக்கவைத்து, விளிம்பில் பெண்மீன் மட்டும் நுழையக்கூடிய அளவுக்கு வாய் வெட்டிக் கவிழ்த்து வைத்தால், அபிஸ்டோகிரமாவுக்கும் கிரிபென்சிஸுக்கும் அதைவிட நல்ல குகை கிடையாது. பெண்மீன்களின் எண்ணிக்கையைவிட ஒரு சிரட்டையாவது கூடுதலாக வையுங்கள். வாய்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி திருப்புங்கள். ராம் மீன்கள் குகையில் முட்டையிடுவதில்லை. தட்டையான கல் ஒன்றும் அதைச் சுற்றிச் சிறு வெட்டவெளியும் அவற்றுக்குப் போதும்.

செடிகளில் கிரிப்டோகொரைன் வென்டியும் பெக்கெட்டியும் இலங்கைக்கே உரியவை. வளர்ப்பிடங்களில் பெருக்கியவற்றை வாங்கி நடலாம். கட்டையில் கட்டிய ஜாவா பேர்னும் மிதக்கும் செடிகளும் ஒளியைத் தணித்து மீனின் அச்சத்தைக் குறைக்கும். குளத்திலிருந்து மிதவைச் செடி எடுத்து வந்தால், தும்பியின் குடம்பிகள் உடன் வந்து சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள். வீதியோரத்தில் நிழலுக்கு நிற்கும் நாட்டு வாதுமையின் காய்ந்து உதிர்ந்த இலைகளைக் கழுவி, ஐம்பது லீற்றருக்கு ஒன்றோ இரண்டோ இடலாம். நீர் தேநீர் நிறம் கொள்ளும். மீனின் நிறம் அதில் தனியாக எடுபடும்.

நான்காம் படி: தொட்டியை முதிரவிடுதல்

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தப் பற்றீரியாக்கள் பில்டரில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பழைய தொட்டியின் ஸ்பொஞ்சைப் பிழிந்து ஊற்றினால் இக்காலம் குறையும். நமது பகுதியில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டியதற்குக் காரணம் உண்டு. வெப்பமும் பி.எச். பெறுமானமும் உயர உயர அமோனியாவின் நச்சுப் பகுதி பெருகுகிறது. 30 பாகையில் பி.எச். 7 எனில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 எனில் அது ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். கரையோரக் கிணற்று நீரில் புதிதாக அமைத்த தொட்டியில் ராம் மீன்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதுவே பெரும்பாலும் விடை. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக நின்ற பிறகும், ராம் மீனுக்காக இன்னும் ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பது நல்லது.

ஐந்தாம் படி: கூட்டு மீன்கள்

மேல்நீரில் அச்சமின்றித் திரியும் சிறு மீன் கூட்டம் இருந்தால், கீழே இருக்கும் சிக்லிட் ஆபத்து எதுவுமில்லை என்று உணர்ந்து வெளியே வரும். கூட்டு மீன்கள் இல்லாத தொட்டியில் அபிஸ்டோகிரமா சிரட்டைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைக் காணலாம். எனவே இந்த மீன்கள் சிக்லிட்டின் நலனுக்கே தேவைப்படுகின்றன. கார்டினல் டெற்றா வெப்பத்தைத் தாங்குவதால் முதலிடம் அதற்கு. நியோன் டெற்றா குளிர்ந்த நீரை விரும்புவது, நமது கோடையில் அதன் ஆயுள் குறுகும். றமிநோஸ் டெற்றா, எம்பர் டெற்றா, ஹார்லிகுயின் ரஸ்போரா, பென்சில் மீன் ஆகியவையும் உகந்தவை. இலங்கைக்கே உரிய செர்ரி பார்ப் மீனை 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல முதன்முதலில் விவரித்தார். பண்ணையில் பெருக்கப்பட்ட அந்தச் சிறு செம்மீன்கள் பொலிவியன் ராமோடு மிக இணக்கமாக வாழும். எந்த இனமாயினும் எட்டுக்குக் குறையாத கூட்டமாக விடுங்கள். வன்னீரில் கிரிபென்சிஸ் வளர்ப்பவர்கள் கப்பி, பிளற்றி போன்றவற்றைத் தெரிவு செய்யலாம்; கப்பிக் குஞ்சுகள் இரையாவதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடிமட்ட மீன்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிறு கெளுத்தி வகையான கொறிடோராஸ் சாதுவான மீன் என்பது உண்மை. ஆனால் எல்லை என்ற உணர்வே அதற்கு இல்லை. முட்டை காக்கும் சிக்லிட் செட்டையை விரித்து எச்சரித்தாலும், அது மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு நேராக அங்கேயே போகும். தடித்த எலும்புத் தகட்டுக் கவசம் உடலைக் காத்தாலும் சிக்லிட் அதன் கண்ணைக் குறிவைக்கும். இரவு வந்ததும் நிலைமை மாறி, முட்டைகளைக் கொறிடோராஸ் தின்றுவிடும். இரண்டடித் தொட்டியில் இந்தச் சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றடிக்கு மேல் என்றால், வெப்பம் தாங்கும் ஸ்டேர்பாய் இனத்தில் ஆறு மீன்களை விடலாம். பாம்பு போல் நெளியும் கூலி லோச் மீனும் இரவில் முட்டை தேடும்.

டாங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கப்படும் மீன் ஓரடிக்கும் மேல் வளரும். குள்ளச் சிக்லிட் தொட்டியில் அதற்கு இடமில்லை. பாசி தின்ன வேண்டுமென்றால் ஒட்டோசிங்கிளஸ் கூட்டமோ ஒரேயொரு பிரிசில்நோஸோ போதும். டைகர் பார்ப், சேர்பே டெற்றா ஆகியன செட்டை கடிப்பவை. ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் சிறு டெற்றாக்களை விழுங்கும். ஒஸ்கார், பிளவர்ஹோர்ன், மலாவி ஏரிச் சிக்லிட்டுகள் பற்றிப் பேச்சே வேண்டாம். செர்ரி இறால்கள் உணவாகிவிடும்.

ஆறாம் படி: சிக்லிட்டைத் தெரிந்து வாங்குதல்

நமது கடைகளுக்கு வரும் மீன்களில் பெரும்பகுதி கொழும்பை அண்டிய பண்ணைகளிலிருந்து நீண்ட பயணம் செய்து வருபவை. வந்த அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் கடையிலேயே நிற்கட்டும். வாங்கும்போது உணவு போடச் சொல்லிப் பாருங்கள். உணவுக்குப் பாய்ந்து வரும் மீன், பின்புறம் குழிவிழாத வயிறு, நிமிர்ந்து நிற்கும் முதுகுச் செட்டை, வெள்ளை நூல் போல் தொங்காத மலம் ஆகிய நான்கும் அவசியம். மிகச் சிறு வயதிலேயே முழு நிறமும் ஏறி நிற்கும் ராம் மீன்களை ஐயத்தோடு பாருங்கள். ஹோர்மோன் கொடுத்து நிறமேற்றிய மீன் விரைவில் வெளிறிப்போகும்.

ராம் பெண்மீனின் வயிறு இளஞ்சிவப்பாகவும், பக்கத்துக் கரும்புள்ளிக்குள் நீலச் செதில்கள் மின்னுவதாகவும் இருக்கும்; ஆணின் முதுகுச் செட்டையில் முன்முட்கள் நீளும். பண்ணை வகைகளில் இந்த அடையாளங்கள் பிசகுவதால், ஆறு இளம் மீன்களை வாங்கி, தாமாகச் சோடி சேர்ந்த பின் மற்றவற்றைக் கொடுத்துவிடுவதே நம்பகமான வழி. கக்கட்டுவாய்டஸ் ஆண் பல பெண்களோடு வாழும் இயல்புடையது. மூன்றடித் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் சரி, இரண்டு ஆண்கள் வேண்டாம். ஒரே தொட்டியில் இரண்டு வகைக் குள்ளச் சிக்லிட்டுகளைச் சேர்ப்பதை நான்கடிக்குக் குறைந்த இடத்தில் முயலாதீர்கள்.

புதிய மீனைத் தனித் தொட்டியில் இரண்டு முதல் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறு குழாய் மூலம் துளித்துளியாக ஒரு மணி நேரம் சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். அடுத்த சில நாட்களில் எந்த மீனாவது மேல்மூலையில், செட்டையை ஒடுக்கியபடி அசையாமல் நின்றால் அது துரத்தப்படுகிறது என்று பொருள். கட்டையை இடம் மாற்றித் தரையைக் குலைத்தால் எல்லைகள் புதிதாக வகுக்கப்படும். அப்போதும் தீராவிட்டால் அந்த மீனை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: உணவும் பருவமும்

சிறு அளவில் நாளுக்கு இருமுறை உணவு கொடுங்கள். உறைந்த இரத்தப்புழு, ஆட்டீமியா என்னும் நுண்ணிறால், மூழ்கும் சிறு குறுணை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். உப்பிடாத பச்சைக் கூனி இறாலை உறைய வைத்து, பொடியாக அரிந்து கொடுத்தால் எல்லா இனங்களும் விரும்பி உண்ணும். மேல்மட்ட மீன்கள் அனைத்தையும் அபகரித்துவிடாமல், அவற்றுக்கு ஒரு மூலையில் போட்டுவிட்டு, அதே நேரம் மறுபுறம் மூழ்கும் உணவை இடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றுங்கள்.

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டி நீர் 31, 32 பாகைவரை ஏறும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவதால் காற்றுக் கல்லை இரவிலும் நிறுத்தக் கூடாது. மூடியைத் திறந்து, வலையிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். அப்போது நீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, கனியங்கள் தொட்டிக்குள் தங்கிவிடுகின்றன. குறைந்த நீரைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் கோடை முடிவதற்குள் வன்மை வெகுவாக ஏறியிருக்கும். சேமித்த மழைநீரை இந்த நிரப்புதலுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். மாறாக மார்கழி, தை மாத மழை இரவுகளில் நீர் 25 பாகைக்குக் கீழே போகலாம். ராம் மீனுக்கு மட்டுமாவது 27இல் நிறுத்தப்பட்ட ஹீற்றர் ஒன்று வேண்டும். மின்சாரம் தடைப்படும் நாட்களுக்கு பற்றரியில் இயங்கும் காற்று மோட்டர் ஒன்றைக் கைவசம் வையுங்கள். மின்சாரம் திரும்பும்வரை உணவு போடாதீர்கள். பல மணி நேரம் நின்றுபோன பில்டரைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.

எட்டாம் படி: குஞ்சு காக்கும் காலம்

சாம்பல் நிறத்தில் ஒதுங்கித் திரிந்த கக்கட்டுவாய்டஸ் பெண்மீன் திடீரென எலுமிச்சை மஞ்சளும் கடுங்கறுப்புமாக மாறிச் சிரட்டை வாயிலில் நின்றால், உள்ளே முட்டை இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். ஐந்து சென்றிமீற்றர் நீளமுள்ள அந்தத் தாய், வயிற்றுச் செட்டையை வெடுக்கென்று அசைத்ததும் குஞ்சுகள் அனைத்தும் ஒரே கணத்தில் மணலோடு ஒட்டி மறைந்துவிடும்; ஆபத்து நீங்கியதும் இன்னொரு அசைவில் மீண்டும் எழும். தன்னைவிடப் பெரிய ஆண்மீனையும் அவள் விரட்டுவாள். ஆணுக்கு ஒளிந்துகொள்ள மறுகோடியில் செடியடர்ந்த இடம் இருந்தே ஆக வேண்டும். கிரிபென்சிஸில் பெற்றோர் இருவரும் சேர்ந்து காப்பதால் தரையில் பாதியும், இரண்டடித் தொட்டியானால் முழுவதும், அவர்கள் வசமாகிவிடும். அந்த வாரங்களில் அடிமட்ட மீன்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள், அல்லது வலைத் தடுப்பு இடுங்கள். ராம் சோடிகள் முதற்சில முறை தம் முட்டைகளையே தின்றுவிடுவது வழமை. அதற்காகச் சோடியைப் பிரிக்க வேண்டியதில்லை.

கலப்புத் தொட்டியில் குஞ்சுகளில் பெரும்பகுதி மற்ற மீன்களுக்கு இரையாகும். காப்பாற்ற விரும்பினால், நீந்தத் தொடங்கிய சில நாட்களில் ஒரு பகுதியை மெல்லிய குழாயால் உறிஞ்சி, அதே நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றி, புதிதாகப் பொரித்த ஆட்டீமியாவை நாளுக்கு நான்கைந்து முறை கொடுக்க வேண்டும். வளர்ந்த மிகுதி மீன்களைக் கடைக்கோ பிற வளர்ப்பாளர்களுக்கோ கொடுங்கள். வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து வெளியேறிய டாங்க் கிளீனர் ஏற்கனவே இந்நாட்டு நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. பெண்மீனின் மஞ்சள் நிறம் மங்கிச் சாம்பலுக்குத் திரும்பும்போது அவளுடைய காவல் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகே வலைத் தடுப்பை எடுத்து, அடிமட்ட மீன்களைத் திரும்ப விட வேண்டும்.